அரதிக்கு மருந்து முதிதை



யாரோ ஒருவர் மனமுவந்து இந்த அறக்கட்டளைக்குக் கொடுத்த பொருளில்தான் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம். கொடுத்தவருக்குப் புண்ணியம் என்று எல்லாச் சமயங்களும் சொல்லும். பௌத்தம் இன்னும் ஓர் அடி மேலே போகிறது. கொடுத்ததைப் பார்த்து, "நல்லது செய்தார், மிக நல்லது" என்று எவன் மனம் நிறைகிறதோ அவனுக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு உண்டு என்கிறது. இதற்கு அனுமோதனை என்று பெயர். தேரவாத மரபு எண்ணும் பத்து வகைப் புண்ணியச் செயல்களில் இதுவும் ஒன்று. கையிலிருந்து காசு போகாது, உடம்பு வருந்தாது. ஆனாலும் பத்திலும் இதுதான் கடினமானது என்பது என் எண்ணம். அடுத்தவர் துன்பத்துக்கு நமக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. அடுத்தவர் நன்மைக்கு மனம் மலர்வதுதான் தாமதமாகிறது.

பௌத்தம் நான்கு பிரம்ம விகாரங்களைச் சொல்லும்: மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை. எல்லா உயிரும் நலமாக இருக்க விரும்புவது மைத்திரி. துன்பத்தில் இருப்பவரின் துன்பம் தீர விரும்புவது கருணை. நலமாக இருப்பவரின் நலத்தைக் கண்டு மகிழ்வது முதிதை. எதனாலும் சாயாத நடுநிலை உபேக்கை. இந்த நான்கில் முதிதையைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். தியான வகுப்புகளில்கூட மைத்திரிக்கு ஒரு வாரம் ஒதுக்குகிறவர்கள் முதிதையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். இந்தக் குறை தீர வேண்டும் என்ற ஆசையில்தான் இன்றைய தலைப்பைத் தேர்ந்துகொண்டேன்.

பிறர் நலத்தைப் பார்க்கும் கண் எவ்வளவு தூரம் பாயும் என்பது தமிழர்களுக்குத் தெரியாததன்று. குழந்தையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கிறோம். புது வீட்டு வாசலில் பூசணிக்காய் தொங்குகிறது. ஆயுத பூசையன்று கடைக்குக் கடை பூசணி உடைகிறது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இவை யாவும் பார்க்கப்படுகிறவர் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்பவை. பார்க்கிறவரின் கண்ணுக்கு என்ன வைத்தியம்? வள்ளுவர் அழுக்காறாமை என்று ஓர் அதிகாரமே வைத்து, பொறாமை அறவே கூடாது என்றார். பொறாமையைத் தடுத்தபின் அந்த இடத்தில் எதை நடுவது, எப்படி நடுவது என்பதை ஒரு பயிற்சி முறையாகவே வகுத்தது பௌத்தம்.

ஆனால் முதிதை பொறாமைக்கு மட்டுமே மருந்து என்று எண்ணிவிட்டால் அதன் ஆழம் நமக்குத் தெரியாமல் போய்விடும். மஜ்ஜிம நிகாயத்தில் 62ஆம் சூத்திரம் மகா ராகுலோவாத சூத்திரம். புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை அது. இடம் சாவத்தி நகரத்து ஜேதவனம். அப்போது ராகுலனுக்கு வயது பதினெட்டு என்று உரை கூறும். மைத்திரியைப் பயின்றால் பகையுணர்வு விலகும், கருணையைப் பயின்றால் கொடுமை செய்யும் எண்ணம் விலகும் என்று சொல்லி வருகிற புத்தர், முதிதைக்கு வரும்போது, அதைப் பயின்றால் அரதி விலகும் என்கிறார். நாம் எதிர்பார்ப்பது பொறாமை என்ற சொல்லை. அவர் சொல்வது அரதியை.

அரதி என்பது எதிலும் மனம் ஒட்டாத நிலை. சலிப்பு, கசப்பு, உள்வறட்சி. காலையில் எழும்போதே எதற்கு எழவேண்டும் என்றிருப்பது. நல்ல இசையைக் கேட்டும் குறை ஒன்றைத்தான் கண்டுபிடிப்பது. துறவிகளுக்கு இது தெரிந்த நோய். தனிக்காட்டில் இருப்பவனுக்குத் தவத்தில் சுவை வற்றிப்போகும், நல்லவை எதுவும் அவனை ஈர்க்காது. ஊரில் இருக்கிற நமக்கும் இந்த நோய் உண்டு. ஒரே வேலை, ஒரே சாலை, கையில் கைபேசி, எதைப் பார்த்தாலும் விரலால் தள்ளிவிட்டு அடுத்தது.

பொறாமையும் இந்த வறண்ட நிலத்தில் முளைத்ததுதான் என்று நினைக்கிறேன். நன்மையைக் கண்டு சுவைக்கும் திறன் வற்றிய மனத்தின் முன் அடுத்தவரின் நன்மை வந்து நிற்கிறது. அதைச் சுவைக்க அந்த மனத்துக்குத் தெரியவில்லை. "எனக்கு ஏன் இல்லை" என்ற கேள்வி ஒன்றுதான் அதற்குத் தெரியும். களையை மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தால் பொறாமை திரும்பத் திரும்ப முளைக்கும். நிலத்துக்கு ஈரம் வரவேண்டும். அந்த ஈரம்தான் முதிதை.

அபிதம்மம் இதை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது. மனத்தில் எழும் கூறுகள் 52 என்பது அதன் கணக்கு. அவற்றில் தீயவை 14. பொறாமை அந்தப் பதினான்கில் ஒன்று. அது வெறுப்பை வேராகக் கொண்ட சித்தங்களில் மட்டுமே எழும், எழும்போதெல்லாம் மனவருத்தத்தோடுதான் எழும். பேராசைக்காரனுக்காவது சிறிது இன்பம் கிடைக்கிறது. பொறாமைக்காரனுக்கு அதுவும் இல்லை. தீக நிகாயத்தின் சக்கபஞ்ஹ சூத்திரத்தில் தேவர்களின் அரசனான சக்கன் இந்தசாலக் குகைக்கு வந்து புத்தரைக் கேட்கிறான்: எல்லா உயிர்களும் பகையின்றி வாழவே விரும்புகின்றன, ஆனாலும் பகையிலேயே வாழ்கின்றனவே, எந்தத் தளை அவற்றைக் கட்டியிருக்கிறது? பொறாமையும் கஞ்சத்தனமும் என்பது புத்தரின் விடை. இந்தக் காட்சி பண்டைய பௌத்தச் சிற்பிகளுக்குப் பிடித்தமானது. சாஞ்சியிலும் காந்தாரத்திலும் அந்தக் குகையை அவர்கள் செதுக்கியிருக்கிறார்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய விசுத்திமக்கத்தில் 23 அத்தியாயங்கள். ஒன்பதாவது அத்தியாயம் பிரம்ம விகாரங்களைப் பற்றியது. மைத்திரியைத் தன்னிலிருந்து தொடங்கச் சொல்லும் புத்தகோசர், முதிதையைத் தன்னிலிருந்து தொடங்கச் சொல்லவில்லை. அன்பான ஒருவர் என்பது மட்டும் முதிதைக்குப் போதாது என்கிறார். மிக நெருங்கிய தோழன் வேண்டும். அதிலும் எப்போதும் மலர்ச்சியாக இருப்பவன், பேச வாயெடுக்குமுன் சிரித்துவிடுகிறவன். அப்படி ஒருவரை நினைத்துத் தொடங்கு என்கிறார். எவ்வளவு அனுபவம் இதற்குள் இருக்கிறது பாருங்கள்! வறண்டு கிடக்கும் மனத்துக்கு எடுத்தவுடன் கடினமான பாடம் வைக்கவில்லை. மகிழ்ச்சி எளிதாகத் தொற்றும் இடத்திலிருந்து தொடங்குகிறார். உங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவர் இருப்பார். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரராக இருக்கலாம், அத்தை வீட்டுக்காரராக இருக்கலாம். அமைதியாக அமர்ந்து, அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, "இவர் மகிழ்ச்சியாக இருக்கிறார், எவ்வளவு நல்லது" என்று மனத்துக்குள் சொல்லிப் பழகுவதுதான் முதல் படி. சொல் ஒரு கைப்பிடிதான். அது எழுப்பும் மலர்ச்சியில் மனத்தை நிறுத்துவதே தியானம்.

அந்தத் தோழன் இப்போது நொடித்துப் போயிருந்தால்? புத்தகோசர் அதற்கும் வழி வைத்திருக்கிறார். முன்பு அவன் எப்படி வாழ்ந்தான் என்பதை நினைத்து மகிழ். இனி வரப்போவதை நினைத்து மகிழ். மீண்டும் செல்வம் வந்து, யானை மீதும் குதிரை மீதும் பொன் பல்லக்கிலும் அவன் வலம்வருவதாக எண்ணிப் பார் என்கிறார். தத்துவ நூலின் நடுவே திடீரென்று பொன் பல்லக்கு வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். நண்பனின் நல்லகாலத்தை அவனுக்கு முன்பே கண்டு களிக்கச் சொல்கிறார் அந்தப் பெரும் உரையாசிரியர்.

பிறகு வேண்டியவரும் வேண்டாதவரும் அல்லாத நடுநிலையாளர். தினம் பேருந்தில் பார்க்கும் நடத்துநர், தெருமுனைக் கடைக்காரர். இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். என் கருத்தில் அரதி உடைவது இங்கேதான். பெயரும் தெரியாத மனிதர் தன் மகளின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பூரிக்கிறார். நமக்கு அதில் எந்த லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அந்தப் பூரிப்பை வாங்கிக்கொள்ள முடிந்தால் உலகம் முழுவதும் மகிழக் காரணங்கள் கொட்டிக்கிடப்பது தெரியவரும்.

கடைசியாகப் பகைவர். அதற்கும் பின்னால், தான், அன்பர், நடுவர், பகைவர் என்ற நான்கு எல்லைக் கோடுகளும் அழிய வேண்டும். பகைவரிடம் வரும்போது மனம் முரண்டு பிடித்தால், பின்வாங்கி முந்தைய படிக்குப் போய் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு வரவேண்டும். வலுக்கட்டாயமாக மகிழ்ந்து காட்டுவதில் பயன் இல்லை.

இந்த இடத்தில்தான் சதி என்று பாலி நூல்கள் சொல்லும் விழிப்பு தேவைப்படுகிறது. உடன் வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு என்று செய்தி வருகிறது. உள்ளே சுருக்கென்கிறது. வாய் வாழ்த்துகிறது. அந்தச் சுருக்கை மறைக்கவும் வேண்டாம், அதற்காகத் தன்னை வைதுகொள்ளவும் வேண்டாம். வெறுப்புள்ள மனத்தை வெறுப்புள்ள மனம் என்று அறிவதே சதிபட்டானம் சொல்லும் வழி. அறிந்தபின் மூச்சு சற்று இளகும். இளகிய இடத்தில் முதிதைக்கு இடம் கிடைக்கும். மூச்சைக் கவனிப்பது ஒன்றே தியானம் என்று இன்று பரவலாகக் கற்பிக்கப்படுகிறது. ராகுலனுக்குச் சொன்ன அறிவுரையின் வரிசையைக் கவனியுங்கள். மைத்திரி, கருணை, முதிதை, உபேக்கை எல்லாம் சொல்லி முடித்த பிறகே புத்தர் மூச்சுத் தியானத்தை விரிக்கிறார்.

முதிதை போலத் தோன்றி ஏமாற்றும் ஒன்றும் உண்டு. அதை முதிதையின் அருகிலிருக்கும் பகை என்பார் புத்தகோசர். இல்லறப் பற்றிலிருந்து எழும் களிப்பு அது. என் மகன் முதல் மதிப்பெண் வாங்கினால் நான் குதிக்கிறேன். அந்தக் குதிப்பில் பாதி எனக்குக் கிடைத்த பெருமை. தவறில்லை, ஆனால் அது முதிதை ஆகாது. அரதி எதிர்த்திசையில் நிற்கும் பகை, அதனால் அடையாளம் தெரியும். இதுவோ நம் வீட்டு ஆள் போலப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆரவாரக் கும்மாளமாகப் போய் முடிந்தால் முதிதை தவறிவிட்டது என்றும் அவர் எச்சரிக்கிறார்.

ஆனால் அதே விசுத்திமக்கத்தில் பிரம்ம விகாரங்களுக்குத் தாயைத்தான் எடுத்துக்காட்டாக வைக்கிறார். நான்கு பிள்ளைகள்: கைக்குழந்தை, நோயாளி, கட்டிளங்காளை, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவன். குழந்தை வளரவேண்டும், நோயாளி தேறவேண்டும், காளைப்பருவத்தான் அந்த இளமையை நெடுநாள் துய்க்கவேண்டும் என்று விரும்புகிற தாய், நான்காமவனைப் பற்றிக் கவலையின்றி இருக்கிறாள். அந்த மூன்றாவது விருப்பம்தான் முதிதை. இல்லறக் களிப்பு பகை என்று சொன்னவர் தாயை ஏன் காட்டுகிறார்? நான் புரிந்துகொண்டது இது: மகனின் இளமையிலிருந்து அவள் தனக்காக எதையும் எதிர்பார்க்கவில்லை. அவன் நன்றாக இருக்கட்டும், அவ்வளவுதான். பெற்ற மகனிடம் இயல்பாக அமைந்த இந்த எதிர்பார்ப்பின்மையை யாரோ ஒருவரிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பயிற்சி.

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அநியாயமாகச் சேர்த்தவன் செல்வத்தைப் பார்த்தும் மகிழ வேண்டுமா? பசித்தவனிடம் போய் அடுத்தவன் விருந்தைக் கண்டு மகிழ் என்று சொல்லலாமா? நியாயமான கேள்வி, கோபத்தோடு கேட்கப்பட வேண்டிய கேள்வியும்கூட. பதஞ்சலியின் யோக சூத்திரம் இதே நான்கையும் எடுத்துக்கொண்டு, முதிதையைப் புண்ணியவான்களிடம் காட்டச் சொல்கிறது. பௌத்தம் அப்படி ஆள் பிரிக்கவில்லை, ஆனால் செயலைப் பிரிக்கிறது. கொலையைத் தான் செய்வது, பிறரைச் செய்யத் தூண்டுவது, செய்வதற்கு உடன்பட்டு மகிழ்வது, அதைப் புகழ்வது ஆகிய நான்கையும் அங்குத்தர நிகாயம் ஒரே வரிசையில் வைக்கிறது. மகிழ்வதும் ஒரு செயல். தீமையைக் கண்டு மகிழ்ந்தால் அந்தத் தீமையில் பங்கு உண்டு. ஆகவே சுரண்டலைக் கண்டு சினப்பவனைப் பொறாமைக்காரன் என்று வாயடைக்க முதிதையை யாரும் பயன்படுத்தக் கூடாது. இல்லாதவருக்குப் பொருள் வழங்கத் தவறிய அரசனால்தான் வறுமை பெருகி, வறுமையால் களவு பெருகியது என்று தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சூத்திரம் சொல்கிறது. முதிதையைக் கற்பித்த அதே மரபுதான் அரசன் மீது இந்தப் பொறுப்பையும் சுமத்தியது.

நல்ல செயலில் உடன்பட்டு மகிழ்வதற்கு விமானவத்து ஓர் அழகான கதை சொல்கிறது. சாவத்தியில் விசாகை என்ற உபாசிகை பெரும்பொருள் செலவிட்டுப் புப்பாராம விகாரையைக் கட்டுகிறாள். அவளுடைய தோழி ஒருத்தி அதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. பார்த்து மனம் நிறைந்தாள். இறந்தபின் தேவலோகத்தில் ஒளிவீசும் மாளிகையில் இருக்கும் அவளை அனுருத்த தேரர் கண்டு, இது எதன் பலன் என்று கேட்கிறார். தோழி கட்டியதைக் கண்டு மகிழ்ந்தேன், அதுதான் என்கிறாள். இந்த நூலுக்கு உரை எழுதியவர் தம்மபாலர். அவர் இருந்த பதரதித்த விகாரை தமிழ் நாட்டில் இருந்தது என்று சாசனவம்சம் குறிப்பிடும். விசுத்திமக்கத்துக்குப் பேருரை எழுதியவரும் அவரே என்பது மரபு.

இந்த மகிழ்ச்சியைப் பழக்கமாகவே ஆக்கிவிட்டது பர்மா. தானம் செய்து முடித்தவர் "அம்யா, அம்யா, அம்யா" என்று உரக்கச் சொல்லி, புண்ணியத்தில் பங்கெடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரையும் அழைப்பார். கேட்டவர்கள் "சாது, சாது, சாது" என்பார்கள். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடாவில் வழிபட்டு முடித்தவர் பெரிய மணியை மும்முறை அடிப்பதும் இதற்காகத்தான். அடித்தவர் யார், செய்த நன்மை என்ன என்று கேட்பவருக்குத் தெரியாது. எங்கோ யாரோ நல்லது செய்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும். நடுநிலையாளரிடம் முதிதை பழகும் படியை ஒரு சமுதாயம் முழுவதும் சேர்ந்து ஏறுவதாகவே இதைப் பார்க்கிறேன். இலங்கையில் தானம் முடிந்து "சாது" ஒலிக்கும்போதும் நடப்பது இதுதான்.

தமிழுக்கும் முதிதை புதியதன்று. மணிமேகலையின் கடைசிக் காதையில் அறவண அடிகள் மைத்திரி, கருணையோடு முதிதையையும் பெயர் சொல்லியே கற்பிக்கிறார். பற்றை அறுக்க நிலையாமை முதலிய சிந்தனைகள், மயக்கம் தெளியக் கேள்வியும் சிந்தனையும் தியானமும் என்று வகுத்து, செற்றம் அறுவதற்கு இந்த மூன்றையும் வைக்கிறார் நூலாசிரியர் சாத்தனார்.

சோழநாட்டுப் புத்ததத்தரைப் பற்றிய மரபுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய ஊர் உரகபுரம். உறையூர் என்பர் பலர். இலங்கையிலிருந்து அவர் திரும்பிவரும் கப்பலும், இலங்கைக்குப் போகும் புத்தகோசரின் கப்பலும் கடலில் சந்திக்கின்றன. சிங்கள உரைகளை மாகதியில், அதாவது பாலியில், ஆக்கப் போகிறேன் என்கிறார் புத்தகோசர். நானும் அதற்கே போனேன், என்னால் முடிக்கக் கூடவில்லை, நீங்கள் முடியுங்கள், எழுதியதை எனக்கு அனுப்புங்கள், நான் சுருக்கித் தருகிறேன் என்கிறார் மூத்தவரான புத்ததத்தர். ஆய்வுலகில் இருக்கிற நமக்கு இந்தச் சொற்களின் எடை தெரியும். தன் வாழ்நாள் வேலையை வேறொருவர் முடிக்கப் போகிறார் என்று அறிந்த கணத்தில் வாழ்த்த முடிந்த மனம் அது. கடலில் நடந்த சந்திப்பு கதையாக இருக்கலாம். காவிரிக் கரையில் பூதமங்கலத்து விகாரையில், களப்பிரகுல அச்சுதவிக்கந்தனின் ஆட்சியில், புத்ததத்தர் விநயத்தைச் சுருக்கி விநயவினிச்சயம் எழுதியது அந்த நூலே தரும் செய்தி.

புத்தர் காலத்தில் நடந்த ஒரு சந்திப்பையும் சொல்லி நிறுத்துகிறேன். ராஜகிருகத்து வேளுவனத்தில் புண்ணர் என்ற துறவியை, புத்தர் பிறந்த நாட்டுத் துறவிகள் புத்தரிடம் புகழ்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் சாரிபுத்தர், சங்கத்தில் அறிவில் முதல்வர். புண்ணர் எவ்வளவு பேறு பெற்றவர் என்று மகிழ்கிறார். என்றாவது அவரைக் காண வேண்டும் என்று எண்ணுகிறார். பிறகு சாவத்தியில், அந்தவனத்தில், தாம் யாரென்று சொல்லாமலே புண்ணரிடம் போய்க் கேள்வி கேட்கிறார். சாவத்தியிலிருந்து சாகேதம் வரை பசேனதி மன்னன் ஏழு தேர்களை மாற்றி மாற்றிப் போவதைக் காட்டி, ஏழு தூய்மைகளைப் புண்ணர் விளக்குகிறார். பேச்சு முடிந்தபின்தான் ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொள்கிறார்கள். சாரிபுத்தர் என்று தெரிந்திருந்தால் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன் என்கிறார் புண்ணர். உங்களைத் தலையில் சுமந்தாவது பார்க்கக் கிடைத்தால் அதுவும் பேறுதான் என்கிறார் சாரிபுத்தர். ஒருவர் சொன்னதில் மற்றவர் மகிழ்ந்தார் என்று இந்தச் சந்திப்பைச் சொல்லும் சூத்திரம் முடிகிறது. புண்ணர் அன்று விளக்கிய ஏழு தூய்மைகளின் வரிசையில்தான் புத்தகோசர் விசுத்திமக்கத்தை அமைத்தார். பிறர் புகழைக் கேட்டு ஒருவர் தேடிப் போனதால் கிடைத்த அமைப்பு அது.